பெஞ்சு இல்லாத ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரித் தச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். கட்டில் கால் ஆடினாலும் கதவு தொங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை பாதி, பேச்சு பாதி.

ஒருநாள் மேலிடத்திலிருந்து புதுக் கொள்கை வந்தது. காத்திருப்போரே இல்லாத ஆஸ்பத்திரிக்குத்தான் கூடுதல் டாக்டர் கிடைப்பார். காத்திருப்பவர் யார் என்பதற்கு விளக்கமும் இருந்தது: பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். நின்றால் அவர் நோயாளியைப் பார்க்க வந்தவர். கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. இன்னொரு டாக்டர் வந்தால் ஜனங்களுக்கு நல்லது என்று மனதார நம்பினார். பெஞ்சுகளைக் கழற்றச் சொன்னார். தச்சர் அத்தனையையும் கழற்றிக் கிடங்கில் அடுக்கிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வீடு போனார்.

"ஆஸ்பத்திரியில காத்திருக்க ஒருத்தர்கூட இல்ல, தெரியுமா?"

"எல்லாருக்கும் குணமாயிடுச்சா?" என்றாள் மனைவி.

"அது வேற கணக்கு."

மறுவாரம் அவளுக்கு முழங்கால் வீங்கிப்போயிற்று. வலி என்று வாய் திறக்காதவள் விடியற்காலையில் அழுதாள். தச்சர் அவளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்.

சீட்டுக் கொடுக்கும் பெண் கேட்டாள்: "யாரைப் பார்க்க வந்தீங்கண்ணே?"

"டாக்டரைத்தாம்மா."

"ஐயோ, டாக்டருக்கு என்ன உடம்புக்கு?"

"இவளுக்கும்மா! காலைப் பாரு!"

"நிக்கிறாங்களேண்ணே. உக்காந்தாத்தானே நோயாளி? நிக்கிறவங்களுக்குச் சீட்டுத் தர முடியாது."

"எதுல உக்கார்றது?"

"நீங்கதானே கழட்டினீங்க?"

சுவரோரம் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் நின்ற அத்தனை பேரும் கணக்குப்படி பார்வையாளர்கள். உள்ளே டாக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி தச்சரைப் பார்த்தாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கிடங்குக்கு ஓடினார். ஒரு பெஞ்சைத் தோளில் தூக்கிவந்து போட்டார். மனைவி உட்கார்ந்தாள், சீட்டு கிடைத்தது. பக்கத்திலேயே மூன்று பார்வையாளர்கள் சட்டென்று உட்கார்ந்து நோயாளிகள் ஆனார்கள்.

கண்காணிப்பாளர் தலைதெறிக்க ஓடிவந்தார். "நாலு பேரா! காலையில ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லையே! எங்கேருந்துய்யா வந்துச்சு இத்தனை நோய்?"

"கிடங்குலேருந்து சார்."

"கழட்டுய்யா அதை! புது டாக்டர் கிடைக்காமப் போயிடுவாரு!"

தச்சர் திருப்புளியையும் திருகாணியையும் எடுத்துக்கொண்டு குனிந்தார். மனைவி பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் பெஞ்சைச் சுவரோடு சேர்த்து முடுக்க ஆரம்பித்தார்.

"என்னய்யா பண்றே?"

"ஆடுது சார். நோயாளி கீழ விழுந்துட்டா அது வேற கணக்கு."

உள்ளேயிருந்து டாக்டர் அவளைக் கூப்பிட்டார். காலி இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார். தச்சர் அடுத்த பெஞ்சை எடுத்துவரப் போனார்.