தொண்ணூற்றேழாவது நாள்

சமையலறையிலிருந்து கத்தியைக் கம்பியில் தீட்டும் சத்தம் வந்தது. கரகரவென்று, ஒழுங்கில்லாமல். முன்னறை சோபாவில் வலது கையைத் தலையணை மேல் கிடத்தியிருந்த நோலீன் பல்லைக் கடித்தாள்.

"ரெக்ஸ், கத்தியத் தீட்டுறியா, கழுத்த நெரிக்கிறியா? கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

"பத்தொம்பது வருஷம் கத்தி பிடிச்ச மகாராணி எழுந்து வந்து காட்டேன்" என்றான் அவள் புருஷன். சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டது.

அவள் மடியில் இழப்பீட்டு அலுவலகத்தின் கடிதம் கிடந்தது. தோள் கிழிந்தது வேலையில்தான் என்பதற்கு அன்றைய பதிவு எதுவும் இல்லையாம். ஐம்பத்திரண்டு வயதில் வரும் தேய்மானமாக இருக்கலாமாம். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. மறுபரிசீலனைக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி. இன்று புதன். அன்றே நேரில் பார்த்த ஒருவர் சாட்சியாக எழுதிக் கொடுத்தால் வழி உண்டு என்று தொழிற்சங்கத்துப் பெண்மணி சொல்லியிருந்தாள். கிடைக்காவிட்டால் அறுவை சிகிச்சையும் இல்லை, அந்தக் கையால் இனி வேலையும் இல்லை.

ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது அந்த மாட்டிறைச்சி ஆலைதான். ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. யாருக்கும் காயமில்லாமல் போன நாட்களின் எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே போகும். நூறைத் தொட்டால் எல்லோருக்கும் விருந்து, ஆளுக்கொரு தட்டு இறைச்சி வீட்டுக்கு. காயப் புத்தகத்தில் ஒருவர் பேர் ஏறினாலும் பலகை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இறக்கியவரோடு ஒரு மாதத்துக்கு யாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார்கள்.

தொண்ணூற்றேழாவது நாள், கொக்கியில் சிக்கிய முன்கால் கறியை இழுத்தபோது நோலீனின் தோளுக்குள் துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் வேலை செய்த வெட்டு மேசையின் தலைவன் கிளைவ் ஓடி வந்து ஐஸ் வைத்தான். "மூணே நாள், நோல். பல்லக் கடிச்சிக்க. அப்புறம் எழுதிக்கலாம்" என்றான் காதோரமாக. அவளும் கடித்துக்கொண்டாள். பலகையை இறக்கியவள் என்ற பேர் வாங்க அவளுக்கும் மனமில்லை. மூன்று நாள் மூன்று வாரமாயிற்று. கை தலைக்கு மேல் எழாமல் போன பிறகுதான் புத்தகத்தைத் தேடிப் போனாள். பழைய தேதியில் பேர் ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள்.

வாசற்கதவு தட்டப்பட்டது. ரெக்ஸ் திறந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தவன் கிளைவ். கையில் ஒரு பொட்டலம்.

"சாசேஜ் கொண்டாந்தேன்" என்றான்.

"எங்க வைக்கிறது? நூறாவது நாள் தட்டு இன்னும் ஃப்ரீசர்ல அப்படியே கிடக்கு. தின்ன மனசு வரல" என்றாள் நோலீன்.

அவன் சோபா விளிம்பில் உட்கார்ந்தான். "லெட்டர் வந்துச்சுன்னு சொன்னாங்க."

"உன் சட்டைப் பையில ஒரு நோட்டு வச்சிருப்பியே, யாரை எந்த மேசைக்கு மாத்தினன்னு. அன்னைக்கு என்ன எழுதின?"

கிளைவ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குள் பதில் இருப்பது போல. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "'நோலீன், தோள். பத்தரைக்குக் கொழுப்பு சீவுற மேசை.'"

"அது எனக்கு வேணும்."

"குடுத்தா மறைக்கச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. என் வேலை போயிடும், நோல். பலகையில இப்ப நூத்தி அம்பத்தி மூணு. மேசைப் பசங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"சரின்னு தலையாட்டினது நான். அதையும் எழுது. ரெண்டு முட்டாளுங்கன்னு எழுது."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் தலைமுடி ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் படிந்தும் கிடந்தது.

"தலைய யாரு வாரினா?"

"ரெக்ஸ்தான். குதிரைக்கு வாருற மாதிரி வாருவான்."

"குதிரை இத்தனை பேச்சுப் பேசாது" என்றான் ரெக்ஸ்.

கிளைவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்கள் கலங்கி, குனிந்துகொண்டான். ஆலைக்கு நேர்த்தியாகக் கொண்டை போட்டு வலைத்தொப்பிக்குள் அடக்கி வருபவள் அவள். ஒருநாளும் ஒரு மயிர் வெளியே தெரிந்ததில்லை. அவன் கொழுப்புக் கறை படிந்த சின்ன நோட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"பக்கத்த மட்டும் கிழிச்சா நம்ப மாட்டாங்க. முழுசா வச்சிக்க. பேனா குடு."

அவன் எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஐஸ் வைத்தது, காதில் சொன்னது, எல்லாம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனான். இப்போது கத்தி தீட்டும் சத்தம் சீராக, தாளம் தப்பாமல் வந்தது. கண்ணை மூடியிருந்த நோலீனுக்குத் தன் கையே தீட்டுவது போலிருந்தது.

கிளைவ் வாசலில் நின்று தொப்பியை மாட்டிக்கொண்டான். "நாளையிலேருந்து அங்க டீ குடிக்க என் பக்கத்துல ஆள் இருக்காது."

"ஞாயித்துக்கிழமை இங்க வா. அந்தத் தட்டை வெளிய எடுத்து வைக்கிறேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டிப்பக்கம் நடந்தான். நோலீன் இடது கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.