மூன்று டெண்டர்களில் ஒரே அப்பா

அலுவலகத்தில் எல்லோரும் அவளை டெண்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். சூரிய மின்தகடும் பெரிய பேட்டரிகளும் விற்கிற சின்ன நிறுவனம் அது. வீடுகளுக்கு விற்று வருவது கைச்செலவுக்குக் காணாது. நகராட்சியோ மின்வாரியமோ டெண்டர் விட்டு, அது கைக்கு வந்தால்தான் அலுவலகத்தில் சம்பளம். அவர்கள் பக்கம் பக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவதுதான் அவள் வேலை.

அதற்கு முன்பு மின்வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். “கரண்ட் எப்ப வரும்?” என்று கேட்டவர்களிடம் “இதோ வந்துடும்” என்று சொல்லியே இளமையின் பாதி போனது. கல்யாணம் தள்ளிப் போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய், நாளின் பெரும்பகுதி கட்டில் பக்கத்து ஆக்சிஜன் மெஷினோடு குழாயில் கட்டுண்டு கிடப்பார். வாய் மட்டும் எதற்கும் கட்டுப்படாது.

ஒரு மத்தியான நேரம் கரண்ட் போய் அந்த மெஷின் நின்றது. அன்று விடுமுறை என்பதால் அவள் வீட்டில் இருந்தாள். அப்பாவின் உதடு கருத்தது. தோளில் கிடந்த நீலத் துண்டை உருவித் தனக்குத்தானே விசிறிக்கொண்டார், காற்று அதில்தான் இருக்கிறது என்பதுபோல. அவள் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருகி மாட்டினாள். பிழைத்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு டெண்டரில், மருத்துவ நிலையங்களுக்கு மாற்று மின்சாரம் ஏன் முக்கியம் என்று கேட்டிருந்தார்கள். வழக்கமான பதிலை எழுதிவிட்டு, மனது கேட்காமல், அந்த மத்தியானத்தையும் ஒரு பத்தியாக எழுதிச் சேர்த்தாள். நீலத் துண்டும் அதில் இருந்தது. அந்த டெண்டர் கிடைத்தது. “உங்க அப்பாவுக்கு ஒரு கும்பிடு” என்றார் முதலாளி.

வேலை பெருகியது. அவள் ஒருத்தியால் முடியவில்லை. முதலாளி ஒரு மென்பொருள் வாங்கினார். பழைய டெண்டர்களையெல்லாம் அதில் ஏற்றிவிட்டால், புதிய டெண்டரின் கேள்விகளைத் தானே பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிலை எழுதித் தரும். நல்ல மதிப்பெண் வாங்கும் என்று அது நினைக்கிற பத்திக்குப் பக்கத்தில் பச்சைக் குறி போடும். அதைக் கற்றுக்கொடுக்க வந்த விற்பனைத் தம்பி, “இனிமே நீங்க காலாட்டிக்கிட்டு உக்காரலாம் மேடம்” என்றான். காலாட்டவில்லையே தவிர, பொழுது இருக்கும்போதே அவள் வீடு திரும்ப ஆரம்பித்தாள். அவளுக்கு அதன்மேல் நன்றிதான் இருந்தது.

பிறகு பக்கத்து நகராட்சி, தன் மருத்துவ நிலையங்களுக்கும் குடிநீர் மோட்டார்களுக்கும் பேட்டரி வைக்க டெண்டர் விட்டது. கடைசிச் சுற்றுக்கு இவர்களோடு சேர்த்து மூன்று நிறுவனங்கள் தேறின. இந்த மாதிரி விளக்கக் கூட்டத்துக்குத் தனித்தனியாகத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், இரைச்சல் போடும் ஏசி. தலைமைப் பொறியாளர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி.

“ஒரு சின்ன சந்தேகம்,” என்றார் அவர். “உங்க மூணு பேருக்கும் ஏதாவது உறவுமுறை உண்டா?”

யாருக்கும் புரியவில்லை. எதிரில் இருந்த போட்டி நிறுவனத்துக் கண்ணாடிக்காரர் சிரித்து வைத்தார்.

பொறியாளர் முதலில், டெண்டர் அக்காவின் தாளில் இருந்த அந்த மத்தியானப் பத்தியைப் படித்தார். அவளுக்கு முகம் சூடேறியது. அடுத்த நிறுவனத்தின் பத்தியைப் படித்தார். அதில் மூச்சுத் திணறியவர் ஒரு அம்மா. நீலத் துண்டு நீலப் புடவை ஆகியிருந்தது. பிறகு கண்ணாடிக்காரருடையதை எடுத்தார்.

“‘சிலிண்டரை மாட்டுவதற்குள் என் தந்தையின் மூச்சு நின்றுவிட்டது. அவர் விசிறிக்கொண்டிருந்த நீலத் துண்டு தரையில் கிடந்தது.’”

அவள் எழுதிய வாக்கியம், அவள் எழுதாத முடிவு. அந்தத் துண்டு தரையில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கட்டில் காலும், அதன் பக்கத்தில் கழன்று கிடந்த செருப்பும்கூடத் தெரிந்தன. இதெல்லாம் பொய் என்று புத்திக்குத் தெரியும். கை கால் கேட்கவில்லை. எழுந்து வெளியே வந்து வீட்டுக்கு போன் போட்டாள்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். “கொஞ்சம் மேல போய் அப்பாவைப் பாருங்களேன்.” குரல் அவளுடையதாகவே இல்லை. அந்த அம்மாள் படியேறும் சத்தம், கதவு, பிறகு என்னவோ முணுமுணுப்பு. அவள் தாழ்வாரச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“என்னடி,” என்றது அப்பாவின் குரல். “சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன். பாதி மூஞ்சியோட பேசறேன். என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லப்பா.”

“ஒண்ணுமில்லாததுக்கா கீழ்வீட்டம்மாவ மாடி ஏற வச்சே?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். உட்காரவில்லை. “அது எங்க அப்பா மேடம். மூணுலயும். உயிரோட இருக்காரு. இப்பதான் பேசினேன்.”

கண்ணாடிக்காரர் தன் தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், முதல்முறையாகப் படிப்பவர்போல. உண்மையும் அதுதான். மூன்று நிறுவனங்களும் வைத்திருந்தது ஒரே மென்பொருள். பொறியாளர் கோப்பை மூடினார். “இந்த டெண்டரை ரத்து பண்றோம். புதுசா விடுவோம். அதுல கதை வேண்டாம்.”

விற்பனைத் தம்பி போனில் பதறவே இல்லை. “நல்லா மார்க் வாங்கின பத்திய மத்தவங்களுக்கும் பரிந்துரைக்கும் மேடம். ஒப்பந்தத்துலயே இருக்கு. பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டுதான் கொடுக்கும்.”

“பேர எடுத்துட்டீங்க. ஆள எடுக்கலையே. அவரு ஏன் செத்தாரு?”

“இன்னும் உருக்கமா வேணும்னு அவங்க கேட்டிருப்பாங்க மேடம். அத யாரும் எழுதல. தானா வந்தது.”

யாரும் எழுதவில்லை என்ற அந்த வார்த்தை அவளை இன்னொரு முறை உலுக்கியது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லை. பத்தியை நீக்கிவிடுவதாகச் சொன்னான், நீக்கவும் செய்தார்கள். ஏற்கெனவே எத்தனை டெண்டர்களில் போனது என்று கேட்டதற்கு, “நெறைய போயிருக்கும் மேடம், நல்ல பத்தி” என்றான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முழுவதையும் சொன்னாள். அவர் கன்னத்தைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பல ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லு. பஸ் ஓட்டினப்பகூட இவ்வளவு ஊருக்குப் போனதில்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: “நீ மொதல்ல எழுதினியே, அத என்னைக் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்.”

“அப்பா...”

“அன்னைக்கு நான் ரொம்ப பயந்துட்டேன்மா. அதப் பாத்தது நீ மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

காலையில் கூட்டத்தில் வாங்கிய அடி ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இந்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்ததில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு மூன்று நாள் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். அது அவர் வாழ்நாளில் புதிது.

அந்த வாரக் கடைசியில் கண்ணாடிக்காரர் முகவரி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் பழப்பை. வாசலிலேயே தயங்கி நின்றார்.

“யாரும்மா?” என்றார் அப்பா.

அவள் சொன்னாள்.

“ஓ, என்னைக் கொன்னது நீங்கதானா? உள்ள வாங்க, உக்காருங்க.”

“படிச்சுப் பாக்கலைங்க ஐயா. பச்சைக் குறி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்.”

“பச்சை பாத்துட்டா நானும் வண்டிய எடுத்துடுவேன். ஆனா குறுக்க ஆள் நிக்கிறானான்னு ஒரு தடவ பாத்துக்குவேன்.” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் மாட்டிக்கொண்டார். இருவரும் இரண்டு பக்கமும் பாய்ந்து பிடித்தார்கள். இருமல் அடங்கியதும் அப்பா கண்ணாடிக்காரரின் வெளுத்த முகத்தைப் பார்த்து, “பயப்படாதீங்க, இன்னைக்கு இல்ல” என்றார்.

மறு டெண்டர், நீலப் புடவை நிறுவனத்துக்குப் போனது. முதலாளிக்கு வருத்தம்தான், ஆனாலும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. மென்பொருளைக் கைவிடவும் இல்லை. சான்றிதழ்கள், அளவுகள், உத்தரவாத விவரங்களுக்கு அவளும் அதையே பயன்படுத்துகிறாள். ஏன் முக்கியம் என்று கேட்கிற இடம் வந்தால் மட்டும், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத் தன் கையால் எழுதி நிறுத்திக்கொள்கிறாள். அந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்துதான் வருகிறது.

“கொஞ்சம் உருக்கமா ஏதாவது சேக்கலாமே அக்கா?” என்று ஒருநாள் முதலாளி கேட்டார்.

“வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்,” என்றாள் அவள்.