எனது தொகுதியில்

என் வீட்டுக்காரர் சட்டமன்றத்தில் அதிகம் சொன்ன சொல் 'ஆம்'. வீட்டில் அதிகம் சொல்லும் சொல் 'பார்ப்போம்'. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் தொகுதி கிடக்கிறது.

அவர் ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர். மசோதா ஏதாவது வந்தால், ஏற்பவர்கள் 'ஆம்' சொல்ல வேண்டும், மறுப்பவர்கள் 'இல்லை' சொல்ல வேண்டும். இவர் 'ஆம்' சொல்வார். குரல் வாக்கெடுப்பு என்பதால் யார் என்ன சொன்னார் என்று தனித்தனியாகப் பதிவு கிடையாது. ஒரு சனிக்கிழமை திண்டுக்கல் வந்திருந்தவரிடம், "இந்த வாரம் எதுக்கெல்லாம் ஆம் சொன்னீங்க?" என்று கேட்டேன். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தார். "ஏதோ திருத்தச் சட்டம்மா. எல்லாரும் சொன்னாக" என்றார்.

அதை நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் தமிழாசிரியை. அப்படிச் சிரிக்கும் யோக்கியதை எனக்கு இருப்பதாக அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசியலுக்கு வருமுன் அவர் வெங்காய மண்டி வைத்திருந்தார். மண்டியில் அவர் குரல் தெரு முனை வரைக்கும் கேட்கும். அதே மனிதருக்கு அவையில் எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் பேச்சை நான் எழுதிக் கொடுப்பேன், அவர் வாசிப்பார். இது கட்சியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

போன வருஷம் கூட்டத்தொடருக்கு முன்னால் சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவள். இவர் சென்னையில் இருந்தார். நான்தான் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். அவள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாவதுக்கு நாலுவழிச் சாலையைத் தாண்டி, பஸ் மாறிப் போக வேண்டும். சாயங்காலம் திரும்ப வரும் பஸ் இருட்டிய பிறகுதான் ஊருக்குள் நுழையும். பையன்கள் சைக்கிளில் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் எட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

"எம் மவ இந்த வருசம் எட்டு முடிக்கிறா டீச்சர். நம்மூர்லயே ஒம்பதாவது வந்துருச்சுன்னா படிப்பா. இல்லாட்டி வேலைக்குக் கூட்டிப் போக நூல் மில்லு வேன் வாசலுக்கே வந்துரும்."

"அதுக்கு இன்னும் வயசு ஆகலையே?"

"வேன்காரரு வயசெல்லாம் கேக்கமாட்டாரு டீச்சர்." காப்பி டம்ளரைக் கழுவி வைக்க எழுந்தாள். நான் வாங்கி வைத்தேன். "அய்யா சட்டசபையில ஒரு வார்த்த சொன்னாப் போதும்ங்கிறாக."

"ஒரு வார்த்தைதானே? நானே எழுதித் தாரேன், போ" என்றேன். அப்படித்தான் சொன்னேன். மறந்திருந்தால் நன்றாக இருக்கும்.

பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கையின் மீது பேச இவருக்கு நேரம் கிடைத்தது. போனில் சொன்னார். "முதல்ல முதல்வர் ஐயாவப் பத்தி நல்லா நாலு வரி போட்டுரு. போன தடவ நமக்குப் பக்கத்து சீட்டுக்காரரு பேசி, மேசையத் தட்டு தட்டுன்னு தட்டுனாக."

கேட்டது நாலு வரி. நான் உட்கார்ந்து எழுதினேன் பாருங்கள், பக்கம் பக்கமாக. 'ஏட்டைத் தொட்ட பிள்ளைக்கு நாட்டைத் தொட வழி தந்த நாயகரே' என்று ஒன்று வந்து விழுந்தது. விழுந்ததும் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம். அடுத்து கதிரவனையும் குடிசைக் கூரையையும் வைத்து ஒன்று. எதுகை மோனை கேட்காமலே வந்து நின்றது. சாணார்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் கடைசிப் பக்கத்தில் வந்தது. அந்த ஒரு பத்தியையும் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். பெண் பிள்ளைகள், பஸ், இருட்டு எல்லாம் அதில் இருந்தது.

இத்தனைக்கும் கட்டுரைத் தாள் திருத்தும்போது நான் பொல்லாதவள். முன்னுரை நீண்டால் மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். "முன்னுரையிலேயே பேப்பரத் தீத்துட்டு, மணி அடிச்ச பிறகு பொருளுரைக்கு எங்க போவீங்க?" என்று எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேட்டிருக்கிறேன்.

பேச்சின் வீடியோவைக் கட்சிக்காரர்கள் அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். நாயகர் வரிக்கு அவையே மேசையைத் தட்டியது. இவர் நிமிர்ந்து பார்த்தார், தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். கதிரவனுக்கும் அதேதான். ஒவ்வொரு தட்டலுக்கும் நான் சோபாவில் நிமிர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுகூட நேரம் போகிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு மணி அடித்தது. முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இவர் அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். "எனது தொகுதியில்" என்று ஆரம்பித்தார். மைக் நின்றுவிட்டது. வாய் மட்டும் கொஞ்சம் அசைந்தது. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் இன்னொரு வீடியோ வந்தது. தரம் உயரப்போகும் பள்ளிகளின் பட்டியலை அமைச்சர் வாசிக்கிறார். எங்கள் தொகுதியின் பெயரே அதில் இல்லை. வாசித்து முடித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுகிறார்கள். பின்வரிசையில் என் வீட்டுக்காரரும் தட்டுகிறார், நல்ல பலமாக. அதன்பின் கோரிக்கை வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போனில் பிடித்துக்கொண்டேன். "உங்க தொகுதிக்கு ஒண்ணுமில்லைன்னு வாசிக்கிறாரு. அதுக்கும் மேசையத் தட்டுவீங்களா?"

"எல்லாரும் தட்டுனாகம்மா. கை தானாப் போயிருச்சு."

"பள்ளிக்கூடத்த முதல்ல சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எழுதுன வரிசையிலதானே வாசிச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "அமைச்சர்கிட்ட தனியா மனு குடுத்திருக்கேன். பார்ப்போம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நாயகரே வரி உங்களோடதுதானே டீச்சர்? யாருக்கு வரும் அந்தத் தமிழ்!" என்றார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கேட்டதற்காக இன்னொரு தடவை சொல்லியும் காட்டினேன். எதை எதையோ மன்னித்துக்கொள்ள முடிகிறது, அந்த இன்னொரு தடவையை மட்டும் முடியவில்லை.

பங்குனி வெயிலில் அந்தப் பெண் மறுபடி வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மைக்கை நிறுத்திவிட்டார்கள், மனு கொடுத்திருக்கிறது என்றெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் பை நிறைய மல்லிகைப்பூவை என் கையில் வைத்தாள்.

"அய்யா என்னமாப் பேசுனாக டீச்சர்! செல்லுல பாத்தோம். எம் மவ அம்புட்டையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா. டீச்சருக்குச் சொல்லிக் காட்டு பாப்பா."

அந்தப் பிள்ளை கூடத்தின் நடுவில் வந்து நின்றது. கையை விறைப்பாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. ழகரம் சுத்தமாக வந்தது. என் வகுப்பில் வருஷக்கணக்காகத் தேடினாலும் அப்படி ஒரு உச்சரிப்பு சிக்காது. 'நாயகரே' என்று ஏற்றிச் சொல்லிவிட்டு, வீடியோவில் மேசை தட்டி முடிக்க ஆன அதே நேரம் சரியாக நிறுத்தியது. அப்புறம் கதிரவன், அப்புறம் கூரை. கடைசியில் "எனது தொகுதியில்" என்று சொல்லி நின்றுவிட்டது.

"அதுக்கப்புறம் என்ன டீச்சர்? வீடியோல கேக்கல."

அதற்கடுத்த சொல் அந்தப் பிள்ளையின் ஊர்ப் பெயர். எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா?

"அம்புட்டுதான் பாப்பா. அதோட முடிஞ்சிருச்சு" என்றேன்.

"அங்க முடியாதே டீச்சர். பயனிலை வரலையே?"

"ஏய், டீச்சருக்கே இலக்கணம் சொல்றியா?" என்று தாய் அவள் தோளில் தட்டினாள். தட்டியதில் பெருமைதான் தெரிந்தது. பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டாள். "அய்யா பேசிட்டாகல்ல டீச்சர், ஜூன்ல ஒம்பதாவது வந்துரும்ல?"

வராது என்று எனக்குத் தெரியும். அந்த வருஷத்துக்கு வேறு வழி பார்க்கச் சொல்லியிருக்கலாம். திண்டுக்கல்லில் விடுதியோடு பள்ளிகள் இருக்கின்றன, நான் போய் நின்றால் ஒரு இடம் கிடைக்காமலா போகும்? அதைச் சொல்ல வேண்டுமானால், பேச்சில் அவள் ஊர் இல்லை என்பதையும் ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கை நிறையப் பூவை வைத்துக்கொண்டு, "பார்ப்போம்" என்றேன். அவர் சொல்கிற அதே மாதிரி, அதே இழுப்போடு வந்தது.

"நீங்க சொன்னாச் சரி டீச்சர். வாரோம்" என்று இருவரும் போனார்கள்.

ஜூன் வந்தது, ஒன்பதாவது வரவில்லை. விடுதியில் இடம் கேட்டு ஒரு தலைமை ஆசிரியைக்கு நான் போன் செய்தபோது ஜூலை பாதி போயிருந்தது. இடம் இருக்கிறது, கூட்டி வாருங்கள் என்றார். உடனே தாய்க்குப் போன் போட்டேன். பள்ளி திறந்த வாரமே மில் வேன் வந்து கூட்டிப் போய்விட்டது என்றாள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, நடுவில் அனுப்பமாட்டார்கள் என்றாள். என்மேல் வருத்தம் இருப்பதாகக் குரலில் தெரியவில்லை.

ஆயுத பூஜை முடிந்து அவளே கூப்பிட்டாள். மில் விடுதியில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்களாம்.

"அய்யா பேசுன பேச்சத்தான் பேசிருக்கா டீச்சர். மொதப் பரிசு, டிபன் பாக்ஸ் குடுத்திருக்காக."

"கடைசியில நின்னு போகுமே, அத எப்படி முடிச்சா?"

"அவளா ஒண்ணு சேத்துக்கிட்டாளாம். 'எனது தொகுதியில் ஒரு குறையும் இல்லை'ன்னு முடிச்சாளாம். எல்லாரும் கைதட்டுனாகளாம். நீங்க தமிழ் டீச்சரு, அது சரிதானான்னு உங்ககிட்டக் கேட்டுச் சொல்லச் சொன்னா."



"இலக்கணப்படி சரிதான்" என்றேன்.