நத்தாருக்கு முன் பாடிய ஒப்பாரி

அம்மாவின் பெயர் மேபல். கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிறந்தது ஹெந்தளைக்கு அப்பால், ஒரு மீனவ ஊரில். அங்கிருந்த சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார், அங்கேயே படிப்பித்தார். பிள்ளைகள் எல்லோரும் சிங்களப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்ட பிறகு, கடைசியாகக் கதவைப் பூட்டியவரும் அவர்தான்.

ஊரில் இப்போது வீடுகளில் தமிழ் இல்லை. இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் தவக்கால ஒப்பாரி மட்டும் தமிழ். சிங்கள எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார்கள். வருடா வருடம் அம்மா பஸ்ஸில் போய், பள்ளிக்கூடத்தைத் திறந்து, பெண்களுக்குப் பழக்குவார்.

"ஆள் புழங்காத கட்டடம் நிக்காது. நீதானே சொன்னனி" என்பார்.

சொன்னது நான்தான். நான் கட்டடப் பொறியியலாளன்.

போன கார்த்திகையில், பள்ளிக்கூடத்தை இடித்து வாகனத் தரிப்பிடம் கட்டலாம் என்று கோயில் பங்குச் சபை யோசித்தது. முடிவெடுக்கும் கூட்டம் தைக் கடைசியில். தவக்காலமோ அதற்குப் பிறகு. அதுவரை பூட்டிக் கிடந்தால் இடிப்பது நிச்சயம். அம்மா மார்கழியிலேயே, கிறிஸ்மஸ் நெருங்கும்போது, பெண்களைக் கூட்டிப் பாடத் தொடங்கினார். அந்த ஊரில் யாரும் செய்யாத வேலை அது. தவக்காலத்திலும் செத்தவீட்டிலும் தவிர வேறெப்போது ஒப்பாரி பாடினாலும் பாடியவர் வீட்டில் சாவு விழும் என்பார்கள்.

சபைக்காரர் ரெனால்ட் வாசலில் நின்று கேட்டாராம்: "என்ன மேபல் டீச்சர், நத்தாருக்கு ஒப்பாரியா?"

"உமக்குக் கரோல் வேணுமெண்டால் உள்ள வந்து பாடும். கதவு திறந்துதான் கிடக்கு."

மார்கழி முடியுமுன் அம்மா போய்விட்டார். இதய வால்வு. இரண்டு வருடமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. ஸ்கான் படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஊரில் அது எடுபடவில்லை. பெண்கள் பள்ளிக்கூடப் பக்கம் வருவதையே விட்டார்கள்.

அம்மாவிடம் படித்த ஜெசிந்தா அக்காவிடம் போய் வால்வைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். என்னைச் சிங்களத்தில் 'மல்லி', தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

"டொக்டர் சொல்றது சரியாத்தான் இருக்கும், மல்லி. ஆனா எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு."

எழும்பினேன். அப்போது கேட்டார்: "டீச்சரிட முப்பத்தோராம் நாள் பூசை எங்க?"

"கொட்டாஞ்சேனையில."

"ஏன் அங்க? டீச்சர் படிப்பிச்ச இஸ்கோலையில வையுங்க. அப்ப அதுதான் செத்தவீடு. செத்தவீட்டில பாடினா ஒண்டும் வராது."

கூரையில் உளுத்த கைமரங்கள் இரண்டை மாற்றுவித்தேன். பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளைக் கழுவினேன். முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சபைக்காரர் எல்லோரும் வந்தார்கள். பூசை முடிய, ஜெசிந்தா அக்கா கரும்பலகைக்குக் கீழே நின்று தொடங்கினார். மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அம்மா குரலை இழுக்கும் இடங்களில் அவர்களும் இழுத்தார்கள். நான் வெளியே போய் நின்றேன்.

ரெனால்ட் பின்னால் வந்தார். "இந்த முறை இடிக்கிறதில்லையெண்டு பாதர் சொல்லிட்டார். ஆனா தவக்காலம் முடிய? திரும்பச் சும்மாதானே கிடக்கும்."

வீட்டில் இடமில்லாதவர்கள் செத்தவீட்டை இங்கே வைக்கலாம் என்றேன்.

கதவு வழியே உள்ளே கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப ரெண்டு ஃபேன் போடவேணும்" என்றார்.