மாமா துப்பாத பற்பசை

மலேசியாவின் ஈப்போ நகரப் பல் கிளினிக்கில் மாமாவுக்குப் பொய்ப்பல் கட்ட அளவெடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அங்கே வீசிய புதினா வாசனையில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்துவிட்டது.

கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்திப் பல் தேய்ப்போம். பல் பார்க்க வரும் நர்ஸ் மிஸ்ஸி கத்துவார்: "புளோரைடு பல்லைக் கெட்டியாக்கும். ஆனா முழுங்கினா ரத்தத்தில கலந்து எலும்புல போய் உட்கார்ந்துக்கும். துப்புங்க!"

இதை நான் வீட்டில் வந்து ஒப்பித்தேன். மாமா அப்போது தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் கோல்கீப்பர். மறுநாள் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம்.

"எலும்புக்குப் போற சாமானை எந்த மடையன்லா துப்புவான்?" என்றவர், பற்பசையை ரொட்டியில் தடவித் தின்ன ஆரம்பித்தார். விடிந்ததும் மிச்சத்தையும் பிதுக்கித் தின்றுவிட்டுத் திடலுக்குப் போனார்.

முதல் பந்து கோலுக்குள் போனபோது அவர் கம்பத்தைக் கட்டிப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெள்ளையாக நுரை. எதிரணிக்காரன்தான் முதுகைத் தடவிவிட்டான். படுதோல்வி. அதன்பிறகு வீட்டில் பற்பசையை அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தார்.

"ஒரு பல்லுகூட இல்லையே அங்கிள், எப்படிப் போச்சு?" என்றார் டாக்டர்.

மாமா பொக்கை வாயோடு தன் முழங்காலைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

"பல்லுக்கு வரவேண்டியது எல்லாம் எலும்புக்குப் போயிருச்சுலா, டாக்டர்."