ரப்பர் பசை ஒட்டிய மூன்றடுக்கு அட்டை

தெருவில் எல்லோரும் அவளைப் பிரேமக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவள் பெயரல்ல. படங்களுக்குப் பிரேம் போடுகிறவள் என்பதால் யாரோ வாய்க்கு வந்தபடி வைத்தது, அவளும் திருத்தவில்லை. அப்பா நடத்திய கடை, அவருக்குப் பிறகு அண்ணன் கைக்குப் போனது. முன்பக்கம் அண்ணன் வாய் நிறையச் சிரித்து ஆர்டர் பிடிப்பார். பின்பக்க மேஜையில் அவள் அட்டை வெட்டுவாள்.

இருவருக்கும் ஓயாத தகராறு பசையில்தான். படத்தைச் சுற்றி வரும் நிற அட்டைகளை, நடுவில் சன்னல்போல வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும். அவள் வெள்ளைப் பசையை விளிம்பிலிருந்து தள்ளி மெல்லிய கோடாக இழுத்து, மேலே கனம் வைத்துக் காயவிடுவாள். கொஞ்சம் கூடினாலும் அட்டை வளைந்துவிடும். இருபக்க டேப் வெயிலில் நழுவும். டப்பாவில் வரும் ரப்பர் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும். ஆனால் நாளாக நாளாகப் பழுத்து, பிடி தளர்ந்து எண்ணெய் கக்கும். படத்தை மட்டும் அவள் முழுதாக ஒட்டவே மாட்டாள். மாவுப் பசை தடவிய இரண்டு காகிதத் துண்டுகளில் மேல் ஓரத்தைத் தொங்கவிடுவாள். ஈரம் காட்டினால் கழன்றுவிடும்.

"ஒட்டுறதுக்குத்தானே பசை? கழட்டுறதுக்கா?" என்பார் அண்ணன்.

அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு தையல்காரம்மா படம் கொண்டுவந்தார். மிஷினில் அவர் தைத்துக்கொண்டிருப்பதை, இறந்துபோன கணவர் பென்சிலால் வரைந்தது. மூன்றடுக்கு அட்டை கேட்டிருந்தார். அண்ணன் ஒரே காலையில் முடித்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த கோடையில் அந்தம்மா படத்தைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். உள் அட்டை கோணலாக இறங்கியிருந்தது. படத்தில் கன்னத்தின் மேல் பழுப்பாக ஒரு கறை.

"பேப்பர்லயே ஈரம் இருந்திருக்கும்மா. இல்லைன்னா உங்க வீட்டுச் சுவத்துல ஓதம்," என்றார் அண்ணன், முகம் மாறாமல்.

உள்ளேயிருந்து வந்த பிரேமக்கா பிரேமைக் கவிழ்த்து, பின்தாளைக் கிழித்து மோந்து பார்த்தாள். படத்தின் முதுகு முழுக்க ரப்பர் பசை.

"ஓதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க கடைப் பசைதான் இது."

"நீ உள்ள போ."

"போகமாட்டேன். முகத்தப் பாத்துப் பொய் சொல்றியே, வாய் கூசலையா உனக்கு?"

"எல்லாக் கடையிலயும் இதத்தான் போடுறான். பெருசா பேச வந்துட்டா."

அவள் டப்பாவை எடுத்துவந்து அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள். "அப்ப உன் கல்யாணப் படத்தக் கழட்டிட்டு வா. இதால ஒட்டித் தரேன். மாட்டிக்கோ."

சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் படியேறிய அண்ணி பதறிவிட்டாள். "ஐயோ, எங்க படத்துல அதெல்லாம் போடாத. நாசமாயிடும்னு உங்கண்ணன்தானே சொல்வாரு."

அண்ணன் காதுமடல் சிவந்தது.

தையல்காரம்மாதான் வாயைத் திறந்தார். கோபம் பிரேமக்கா மேலும் விழுந்தது. "நீ உண்மையச் சொல்லிட்டா கறை போயிடுமா? அவரு என்னை வரைஞ்சது இது ஒண்ணுதான். தெரிஞ்சே பண்ற கடையில நீயும்தானே உக்காந்திருக்க?"

பிரேமக்கா படத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். காய்ந்த பசையை அழிரப்பரால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி எடுத்தாள். பின்பக்கம் சுத்தமானது, கன்னத்துக் கறை போகவில்லை. புது அட்டை வெட்டி, தன் முறைப்படி ஒட்டிக் கொடுத்தாள். அந்தம்மா வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு கடைக்குப் போய்த் தன் வெட்டுக்கத்தியையும் இரும்பு அளவுகோலையும் எடுத்துக்கொண்டாள். மேஜையைக் கேட்டதற்கு அண்ணன் மறுத்தார். "அது கடைச் சாமான்."

"வச்சுக்கோ. மேலேறிப் படு."

இப்போது வீட்டு முன்னறையில், ஒரு பழைய கதவைக் கிடத்தி அதன்மேல் வேலை செய்கிறாள். அண்ணி நடுவில் ஒருமுறை தூது வந்தாள். "அவருக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்காம். வரச் சொன்னாரு."

"அந்த டப்பா இன்னும் அங்க இருக்கா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப பேசாத," என்று பிரேமக்கா அட்டையின்மேல் கத்தியை வைத்து அழுத்தினாள்.