பஸ்ஸில் ஏறாத பதினோரு பேர்

கம்பெனியைத் திட்டாமல் அம்சாவுக்கு ஒரு நாள் போகாது. வேறு யாராவது திட்டினால் பொறுத்துக்கொள்ளவும் மாட்டாள். மறைமலைநகர்ப் பக்கத்தில், கார்களுக்கு வயர் கட்டித் தரும் பெரிய தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷ வேலை. இதுவரை ஏழு மேனேஜர்களைப் பார்த்துவிட்டாள். வந்த வாரத்தில் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்கள். அடுத்த வாரம் டீ இடைவேளையில் இரண்டு நிமிஷம் குறையும். ஆனால் அவள் பிரசவத்துக்குப் போனபோது ஆறு மாதச் சம்பளமும் தவறாமல் வந்ததே, அதை எப்படி மறப்பது?

விடிகாலை நாலே முக்காலுக்குச் செய்யூர் சவுக்குத் தோப்போரம் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அம்சாவோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் ஏறுவார்கள். அந்த பஸ்ஸுக்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது. ஒன்றாம் தேதி முதல் மதுராந்தகத்தைத் தாண்டி பஸ் வராது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அந்த நேரத்தில் ஊரில் வேறு பஸ் ஏது? பதினோரு பேருக்கும் வேலை போன மாதிரிதான்.

மறுநாள் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி பிரதீபாவிடம் போய் நின்றாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்து போகும் பெண். கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

"செய்யூர்ல ரெண்டு வருஷமா ஒருத்தர்கூட ஏறலைங்க. சிஸ்டம் அப்படித்தான் காட்டுது."

"இன்னா மேடம், தெனம் பதினோரு பேரு ஏறிகினுதான கீறோம்!"

"அப்ப கார்டு வைக்கலையா?"

நடப்பதை அம்சா எடுத்துச் சொன்னாள். ஏறும்போதும் இறங்கும்போதும் கம்பெனி அடையாள கார்டை வைக்கச் சொல்லி, ரெண்டு வருஷத்துக்கு முன் பஸ்ஸில் மெஷின் மாட்டிய நாளிலிருந்தே தோப்பில் சிக்னல் கிடைக்காது. கார்டை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். "மதுராந்தகத்துல வைங்கமா, பச்சை எரியும்" என்று டிரைவர் ஜானகிராமன் சொல்லிவிட்டார். சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதைதான். மதுராந்தகத்தில் எழுந்துபோய்க் கார்டை வைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆக, கம்பெனியைப் பொறுத்தவரை பதினோரு பேரும் மதுராந்தகத்துக்காரிகள்.

"சிஸ்டத்துல இல்லாததை நான் எப்படிங்க மேல சொல்றது?" என்றாள் பிரதீபா, சங்கடத்தோடு.

"சிஸ்டத்த வுடுங்க மேடம். இன்னிக்கு எங்க கூட வாங்க. எங்க வூட்டாண்ட எறங்கி, வேர்க்கல்ல துன்னுட்டுப் போங்க."

யாரும் எதிர்பார்க்கவில்லை, அவள் நிஜமாகவே வந்துவிட்டாள். மதுராந்தகத்தில் கார்டை நீட்டப் போனவர்களை, "இருங்க, உங்க ஊர்லயே வைக்கலாம்" என்று தடுத்தாள். தோப்பில் பன்னிரண்டு கார்டுக்கும் பன்னிரண்டு சிவப்பு. பிரதீபா தன் கார்டை மூன்று தரம் தேய்த்தும் பார்த்தாள். ஜானகிராமனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் அவள் அம்சா வீட்டில் ஒரு தட்டு அவித்த வேர்க்கடலையைக் காலி செய்துவிட்டு, அம்சாவின் கணவர் ஜெயக்குமாரின் பைக்கில் மதுராந்தகம் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை, அம்சா வேலை செய்யும் இடத்துக்கே பிரதீபா செல்போனும் கையுமாக ஓடி வந்தாள்.

"அக்கா, இதைக் கேளுங்க! 'நேற்று ஏறிய பஸ்ஸிலிருந்து நீங்கள் இன்னும் இறங்கவில்லை. இரவு முழுவதும் கம்பெனி வாகனத்தில் தங்கியதற்கு விளக்கம் தரவும்.' சிஸ்டமே அனுப்பியிருக்கு, எனக்கு!"

"அய்யய்யோ! நீங்க இன்னா எழுதினீங்க?"

"'இறங்கிவிட்டேன். என்னோடு செய்யூரில் பதினோரு பேர் இறங்கினார்கள். சந்தேகம் இருந்தால் நீங்களும் வந்து இறங்கிப் பாருங்கள்'னு எழுதி, பெரிய மேனேஜருக்கே அனுப்பிட்டேன். நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லிட்டாருக்கா. பஸ் வரும்."

அம்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை நேரத்தில் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது சட்டம். நகர்ந்து போய் அந்தப் பெண்ணை இறுகக் கட்டிக்கொண்டாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பார்க்கட்டுமே.